மூலத்தில் எண்ணிக்கை இல்லை

பதிவு 212 | 09:10 | உள்வெப்பம் 21

நிலையம் சீராக இயங்குகிறது. மின்வரத்து வடதளத்திலிருந்து பாதி, தென்தளத்திலிருந்து பாதி. காற்றும் நீரும் வழக்கம்போல்.

காலையில் ஒரே ஒரு குறிப்பு. வடதளம் அனுப்பியது, ஆங்கிலம். குழாய் உதிரிகள் தாமதமானதற்கு 'வருந்துகிறது' என்றிருந்தது. அரபியில் வருத்தத்துக்கு ஒரு சொல், மன்னிப்புக்கு வேறொரு சொல். இரண்டாவதைப் போட்டால் தென்தளம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளும். வருத்தத்தையே போட்டேன். தென்தளத் தொடர்பு அதிகாரி யஹ்யாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பெற்றுக்கொண்டோம்" என்றார். அவர் குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. பல மாதங்களாகக் கேட்கிறேன், ஒருநாளும் இருமியதுகூட இல்லை.

என் பணிக்காலம் முடியப்போகிறது. அடுத்து வருபவருக்காகச் சில விவரங்கள். ஃபோபோஸில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். கீழே செவ்வாயில் இரண்டு தளங்கள். நடுவே ஒரு முகடு. முகட்டுக்கடியில் இரண்டுக்கும் பொதுவான பனிச் சுரங்கம். வடதளம் ஆங்கிலத்தில் எழுதும், தென்தளம் அரபியில் எழுதும். முன்பொரு சமயம் இயந்திரம் மொழிபெயர்த்த ஒரு வாக்கியத்தால் இரு தளங்களும் கிட்டத்தட்ட சண்டைக்கே போயின. அதன்பின் வந்த ஒப்பந்தப்படி எல்லாக் குறிப்புகளும் ஒரு மனிதர் வழியாகத்தான் போக வேண்டும். ஐயம் வந்தால் இயந்திரம் நிற்காது, மனிதர் நின்று கேட்பார் என்று அதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பை எழுத்தில் அனுப்பி, கூடவே வாய்விட்டு வாசிக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்பு.

நிலையப் பதிவைத் தாய்மொழியில் எழுதலாம் என்பது விதி. நான் சஃபிய்யா, காயல்பட்டினம். தமிழில் எழுதுகிறேன்.

பதிவு 213 | 11:35 | உள்வெப்பம் 21

தென்தளத்திலிருந்து அவசரக் குறிப்பு. ஆங்கிலத்துக்கு மாற்றி அனுப்பிவிட்டேன். சாரம்: வடதளம் அழைத்ததன் பேரில், குழாயில் அழுத்தக் கோளாறைப் பார்க்க தென்தளப் பொறியாளர்கள் மூவர் அதிகாலையில் வட வாயில் வழியே சுரங்கத்துக்குள் போனார்கள். ரீம், ஹைதம், ஃபவாஸ். காலையிலிருந்து அவர்களிடமிருந்து பேச்சு இல்லை. நில அதிர்வுமானியில் ஒரு சரிவு பதிவாகியிருக்கிறது. மூவரும் எங்கே, எந்த நிலையில்?

தொலைநோக்கியில் பார்த்தேன். தென்தள வண்டிகள் முகட்டை நோக்கி வருகின்றன. ஒன்று பெரிய துளைப்பு இயந்திரம். மற்றவற்றில் இருப்பது சுரங்க ஆட்கள் மாதிரி தெரியவில்லை.

பதிவு 214 | 12:20 | உள்வெப்பம் 21

வடதளத்தின் பதில் வந்துவிட்டது. அனுப்பியவர் அங்குள்ள தொடர்பு அதிகாரி திருமதி கார்மைக்கேல். அழகான ஆங்கிலம். ஒரு சொல்கூட உறுத்தாது. அதில் வரும் முக்கிய வாக்கியம் இது:

"பொறியாளர்கள் எங்கள் குழுக்களுடன் தொடர்ந்து ஒத்துழைத்து வருகின்றனர், இயன்ற உதவிகள் அனைத்தும் செய்யப்படுகின்றன என்று உறுதியளிக்க விரும்புகிறோம்."

மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். 'பொறியாளர்கள்' என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை.

ஆங்கிலத்தில் பொறியாளர்கள் என்றால் இரண்டு பேரும் இருக்கலாம், இருநூறு பேரும் இருக்கலாம். தமிழிலும் அப்படித்தான். அரபியில் முடியாது. இரண்டு பேர் என்றால் முஹந்திஸானி. மூன்றும் அதற்கு மேலும் என்றால் முஹந்திஸூன். வினைச்சொல்லும் கூடவே மாறும். எத்தனை பேர் என்று தெரியாமல் அந்த வாக்கியத்தைத் தொடங்கவே வழியில்லை.

போனவர்கள் மூன்று பேர். பன்மையைப் போட்டுவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் கேட்ட கேள்வியில் 'மூவர்' என்று மூன்று தடவை இருக்கிறது. பெயர்களும் இருக்கின்றன. பதிலில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. எழுதியவர் மறந்து விட்டிருக்கமாட்டார்.

விதிப்படி விளக்கம் கேட்டேன்: "அரபியில் எண்ணிக்கை தேவைப்படுகிறது. இங்கே குறிப்பிடப்படும் பொறியாளர்கள் எத்தனை பேர்?"

பதில் உடனே வந்தது. "வாசகம் உள்ளபடியே முழுமையானது. எழுதியிருப்பதை அப்படியே மொழிபெயர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்."

பதிவு 215 | 12:45 | உள்வெப்பம் 21

வாக்கியத்தை வேறு மாதிரி திருப்பிப் பார்த்தேன். பொறியாளர்'களுக்கு' உதவி என்று வேற்றுமையில் வைத்தால் இருமையும் பன்மையும் எழுத்தில் ஒரே மாதிரி இருக்கும். உயிரொலியைக் காட்டும் குறிகளைப் போடாமல் விட்டால் தாளில் தப்பித்துவிடலாம். ஆனால் வாசிக்கும்போது முஹந்திஸைனி என்பதா, முஹந்திஸீன் என்பதா என்று வாய் முடிவுசெய்தே ஆகவேண்டும். யஹ்யாவின் காது அதை விடாது.

அந்த நேரத்தில் பராமரிப்பு அலைவரிசையில் எட்வின் தாசையன் அழைத்தார். வடதள ஒலிபரப்புத் தொழில்நுட்பர், மார்த்தாண்டத்துக்காரர். ஆண்டெனா சரிசெய்யும்போது மட்டும் நாங்கள் தமிழில் பேசிக்கொள்வோம். இன்று ஆண்டெனாவில் ஒரு கோளாறும் இல்லை. அவர் சொன்னதை அப்படியே பதிகிறேன்:

"அக்கா, ஒரு காரியம் சொல்லுதேன். நான் சொன்னதா இருக்கப்படாது. உள்ள ரெண்டு பேருதான் தட்டுதாங்க."

"என்ன தம்பி சொல்றிய? தட்டுறாங்கன்னா?"

"சரிஞ்ச மண்ணுக்கு அந்தப் பக்கம் கிடக்காங்க அக்கா. குழாய்ல தட்டுத சத்தம் கேக்கு. ரெண்டு எடத்துல இருந்து. மூணாவது இல்ல. நம்ம மெஷினால அந்தப் பாறைய ஒண்ணும் செய்ய முடியாது. அவங்க கொண்டு வந்திருக்கானுவளே, அதாலதான் முடியும்."

"அப்ப ஏன் வாசலத் தொறக்கல?"

"தொறந்தா அவங்க பாத்துருவாங்கல்லா. ஒப்பந்தத்துல இல்லாத ஒரு பக்கச் சுரங்கம் நம்மாளுவ தோண்டி வச்சிருக்காங்க. அது இடிஞ்சதாலதான் எல்லாம் இடிஞ்சுது. அத மூடி முடிக்கத வரைக்கும் லெட்டர் மேல லெட்டர் போடுவாங்க. உடுப்புல உள்ள காத்து சாயங்காலம் வரைக்கும்தான் வரும்."

இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

பதிவு 216 | 13:05 | உள்வெப்பம் 21

பன்மையை எழுதினால் இனி அது பொய், தெரிந்தே சொல்வது. இருமையை எழுதினால் மூலத்தில் இல்லாத செய்தியை, எனக்குத் தெரிந்திருக்கவே கூடாத செய்தியை, நானாகச் சேர்த்ததாகும். அதைக் கேட்ட மறுகணம் முகட்டில் நிற்கும் வண்டிகள் வாயிலை உடைக்கக் கிளம்பலாம். வடதளம் சுடலாம். அதற்குப் பின் ஒப்பந்தம், நிலையம், எதுவும் இருக்காது.

உம்மா இருந்திருந்தால், "முதல்ல ஒரு மொடக்கு தண்ணியக் குடிடீ" என்பாள். குடித்தேன்.

மொழிபெயர்ப்பாளருக்கு விதியில் ஒரே ஒரு உரிமை உண்டு. மூலத்தில் ஒன்று இல்லையென்றால், இல்லை என்று குறிப்புச் சேர்க்கலாம். யாரும் அதைப் பெரிதாகப் பயன்படுத்தியதில்லை. நான் எட்வினிடம் கேட்டதைச் சொல்ல முடியாது. கார்மைக்கேலிடம் கேட்டதைச் சொல்லலாம்.

பதிவு 217 | 13:20 | உள்வெப்பம் 21

வாசித்தேன். அந்த வாக்கியத்துக்கு முன் நிறுத்தினேன். அதிகார அலைவரிசையில், அரபியில் இப்படிச் சொன்னேன்: "மொழிபெயர்ப்பாளர் குறிப்பு. அடுத்த வாக்கியத்தின் எழுவாய்க்கு மூலத்தில் எண்ணிக்கை இல்லை. நிலையம் விளக்கம் கேட்டது. வடதளம் தர மறுத்தது."

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"இருமையா பன்மையா என்று கேட்டீர்களா?" என்றார் யஹ்யா.

"எத்தனை பேர் என்று கேட்டேன்."

"மறுத்தார்கள்."

"மறுத்தார்கள்."

"புரிந்தது. மீதியை வாசியுங்கள்."

வாசித்தேன். கடைசிச் சொல்வரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு அதே குரலில் சொன்னார்: "நிலையத்துக்கு ஒரு தகவல். மூவரில் ரீம் என் மகள். இதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம்."

எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பதிவு 218 | 13:50 | உள்வெப்பம் 20

தென்தளத்தின் பதில் இவ்வளவுதான்: "எத்தனை பேர்? எங்கே? எங்கள் துளைப்பு இயந்திரம் வாயிலில் நிற்கிறது. ஆயுத வண்டிகளைப் பின்னுக்கு எடுக்கிறோம். திறவுங்கள்."

யஹ்யா இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. அடைமொழி இல்லை, மரியாதைச் சொல் இல்லை. ஆங்கிலத்தில் அப்படியே வைத்தேன். தொலைநோக்கியில் பார்த்தேன், வண்டிகள் உண்மையிலேயே பின்வாங்குகின்றன. துளைப்பு இயந்திரம் மட்டும் வாயில்முன் நிற்கிறது.

பதிவு 219 | 14:30 | உள்வெப்பம் 18

வடதளக் குறிப்பு. என்னைப் பற்றியது.

"மூல வாசகத்துக்கு அப்பாற்பட்ட கருத்துகளைச் சேர்த்ததன் காரணமாக, நிலையத்தின் மொழிபெயர்ப்புச் சேவை உடனடியாக நிறுத்திவைக்கப்படுகிறது. இதற்குத் தொடர்பில்லாத பராமரிப்புக் காரணங்களால் நிலையத்துக்கான வடதள மின்வரத்து தற்காலிகமாகக் கிடைக்காது என்பதை வருத்தத்துடன் அறிவிக்கிறோம்."

'தொடர்பில்லாத' என்ற சொல்லுக்கு நல்ல அரபிச் சொல் உண்டு. அதைப் போட்டேன். 'தற்காலிகமாக' என்பதையும் விடாமல் போட்டேன். யஹ்யாவுக்கு வாசித்துக்கொண்டிருக்கும்போதே விளக்குகள் மங்கின.

கேட்டு முடித்ததும் அவர் சொன்னார்: "எங்கள் பங்கைக் கூட்டித் தருகிறோம்."

மின்சாரத்தை வாங்கும் என் பக்கத் தகடு அதற்கு மேல் தாங்காது என்றேன். பாதி மின்சாரத்தில் சூடேற்றி ஓடும், அல்லது ஒலிபரப்பி ஓடும். இரண்டும் ஓடாது.

"அப்படியென்றால் சூடேற்றியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கலம் அனுப்புகிறோம். வந்துசேரச் சில மணி நேரமாகும்."

சரி என்றேன். சூடேற்றியை அணைத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

பதிவு 220 | 15:25 | உள்வெப்பம் 9

எட்வின்: "அக்கா, வாசலத் தொறந்தாச்சு. யாரு சொல்லித் தொறந்தான்னு கேக்காதீங்க. சுரங்கத்து ஆளுவளே தொறந்துட்டாங்க. அந்தத் தட்டுத சத்தத்த எத்தன நேரம்தான் கேட்டுக்கிட்டு நிப்பாங்க? உங்க லைன அவங்க ரேடியோவோட சேத்து விடுதேன். இங்க யாருக்கும் அவங்க பேசுதது புரியல. நீங்க இருக்கீங்கல்லா?"

"ஈக்கிறேன் தம்பி. சேர்த்து விடு."

இப்போது ஒரு காதில் வடதளச் சுரங்கத் தலைவர், மறு காதில் தென்தளத் துளைப்பு இயக்குநர். யஹ்யாவும் அதே அலைவரிசையில் இருக்கிறார். பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது.

பதிவு 221 | 16:40 | உள்வெப்பம் 1

எழுத நேரமில்லை. இடையில் கிடைத்த நிமிடம் இது.

இடப்பக்கம். இன்னும் இடப்பக்கம். நில். பாறை விரிசல் விடுகிறது. பின்னே எடு. மெதுவாக. குழாயைத் தொடாதே. காற்றுக்குழாய் எங்கே? மேலே. இல்லை, உனக்கு மேலே. நில், நில், நில்.

ஒருவன் ஆங்கிலத்தில் கத்துவான். அவன் வாய் மூடுமுன் நான் அரபியில் கத்த வேண்டும். இத்தனை வருடம் நான் செய்த வேலையில் ஒரு வாக்கியத்தைக்கூட இவ்வளவு வேகமாக மாற்றியதில்லை. யோசித்தால் ஆள் சாவான். யோசிக்காமல் சொன்னால் சரியாக வருகிறது.

ஒருமுறை வலம் இடம் மாற்றிச் சொல்லிவிட்டேன். இயக்குநரே "உறுதியா?" என்று கேட்டார். மாற்றினேன்.

தட்டும் சத்தம் எனக்கும் கேட்கிறது. ஓர் இடத்திலிருந்துதான்.

பதிவு 222 | 17:55 | உள்வெப்பம் கழித்தல் 6

விரல் மடங்கவில்லை. இனிப் பேசிப் பதிகிறேன்.

துளை விழுந்துவிட்டது. சுரங்கத் தலைவர் உள்ளே ஊர்ந்து போனார். பிறகு அவர் குரல். ஆங்கிலத்தில்: "ஒருவர் கிடைத்துவிட்டார். மூச்சு இருக்கிறது. ஒருவர் மட்டும்."

துளைப்பு இயக்குநர் என்னை அழைத்தார். "என்ன சொல்கிறார்? நிலையம், என்ன சொல்கிறார்?"

சுரங்கத் தலைவர் சொன்ன ஆங்கிலச் சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அரபியில் ஆண் என்றால் வாஹித். பெண் என்றால் வாஹிதா. நான் வாய் திறக்குமுன் எது என்று தெரிய வேண்டும். அவர் மூச்சு, யஹ்யாவின் மூச்சு, நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆங்கிலத்தில் கேட்டேன்: "ஆணா, பெண்ணா?"

"ஆண். இளைஞன்."

நான் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன் என்று தெரியவில்லை. பேசாமல் இருந்ததிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.

"வாஹித்," என்றேன்.

துளைப்பு இயக்குநர் கூவினார். பின்னாலிருந்து கைதட்டும் சத்தம். ஹைதமா ஃபவாஸா என்று யாரோ கேட்டார்கள். ஹைதம். இதை எல்லாம் மொழிபெயர்த்தேன். அது என் வேலை.

பதிவு | நேரம் பார்க்கவில்லை | கழித்தல் 11

எட்வின் தமிழில் அழைத்தார். அழுதுகொண்டே:

"அக்கா, அந்தப் பொம்பளப் பிள்ள. ஃபவாஸ் சரிஞ்சப்பவே போயிட்டாரு. இவ அப்பப் போகல அக்கா. இவ இப்பத்தான். உடம்புல சூடு இன்னும் இருக்கு. கையில ஸ்பேனரப் பிடிச்சபடி கிடக்கா. அதாலதான் இவ்வளவு நேரம் தட்டியிருக்கா. அரைமணி முன்னால வந்திருந்தா..."

பிறகு யஹ்யா. அதிகார அலைவரிசையில். "நிலையம், என் மகளைப் பற்றி வேறேதும் சொன்னார்களா?"

ஆங்கிலத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. இல்லை என்று சொன்னால் அது உண்மைதான். காலையிலிருந்து வடதளம் பேசிய மாதிரியான உண்மை.

சொன்னேன். ஃபவாஸ் உடனே இறந்துவிட்டார். ரீம் அப்போது இறக்கவில்லை, இப்போதுதான். உடல் இன்னும் சூடாக இருக்கிறது. கையில் கருவி இருக்கிறது. தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"இன்னா லில்லாஹ்," என்றார். நானும் சொன்னேன்.

பிறகு, "குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார்.

பதிவு | கழித்தல் 14

யஹ்யா சொல்லச் சொல்ல எடுத்த குறிப்பு. நான்கு வாக்கியங்கள். குரல் ஒரு தடவைகூட உடையவில்லை.

ஒன்று. தென்தள நிர்வாகம் வடதள நிர்வாகத்துக்குத் தன் வணக்கங்களைத் தெரிவித்துக்கொள்கிறது. இரண்டு. ஆணைக்குக் காத்திராமல் வாயிலைத் திறந்த சுரங்கத் தொழிலாளர்களுக்குத் தன் ஆழ்ந்த நன்றியைத் தெரிவிப்பதில் பெருமை கொள்வதோடு, அவர்கள்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாது என நம்புகிறது. மூன்று. உள்ளே தன் ஆட்கள் கண்ட பக்கச் சுரங்கம் குறித்த தன் எல்லா உரிமைகளையும் தக்கவைத்துக்கொள்கிறது. நான்கு. பொறியாளர் ரீம் பின்த் யஹ்யாவின் கையிலுள்ள கருவியை அவரிடமிருந்து பிரிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறது.

முதல் மூன்று வாக்கியங்களும் ஆங்கிலத்தில் போய்விட்டன. கார்மைக்கேல், "பெற்றுக்கொண்டோம்" என்றார். குரல் கம்மியிருந்தது. நான்காவதைத் தொடங்கும்போது ஒலிபரப்பி நின்றுவிட்டது. தென்தள மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலம் குளிரில் இறங்கிவிட்டது. பராமரிப்பு அலைவரிசைக்கு மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

பதிவு | கழித்தல் 17

எட்வின்: "அக்கா, கலம் வந்துக்கிட்டு இருக்கு. தூங்கீராதீங்க. பேசிக்கிட்டே இரிங்க. என்னத்தையாவது பேசுங்க."

"எழுதிக்கோ தம்பி. இது குறிப்பு. அந்தப் பிள்ள கையில ஈக்கிற ஸ்பேனரை எடுக்கக் கூடாதுன்னு அவ வாப்பா சொல்றாங்க. அவ கையோடயே..."

"எடுக்க மாட்டோம் அக்கா. யாரும் தொடல. நான் பாத்துக்கிடுதேன். அக்கா? கேக்குதா?"

கேட்கிறது.

அடுத்து வருபவருக்கு. நான்காம் வாக்கியம் அதிகார அலைவரிசையில் போகவில்லை. ஆங்கிலத்திலும் போகவில்லை. ஆனால் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. நிலையப் பதிவில் அதை அனுப்பியதாகவே குறித்துக்கொள்ளுங்கள். கோப்பில் வைக்கும்போது ரீம் என்ற பெயரை நெடிலோடு எழுதவும். குறிலாக எழுதினால் அது வேறு...